கடைசி லைன்

"அங்க பாரு, மறுபடியும் கடைசி லைன்!"

கண்டக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியின் கையைத் தட்டினார்.

மழலையர் பள்ளி விளையாட்டு விழா. மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் ஐந்து லைன் போட்டிருந்தார்கள். முதல் லைனை ஒட்டிப் பெற்றோருக்கு நாற்காலிகள். ஐந்தாவது லைன் எதிர்ப்பக்கச் சுவரோரம்.

தவளைத் தாவலில் இவர்களுடைய நாலு வயசுப் பொடியன் ஐந்தாவது லைனில் நின்றான். பந்து பொறுக்கும் போட்டியிலும் அங்கேதான். இப்போது ஓட்டப் பந்தயத்துக்கும் மிஸ் அவன் கையைப் பிடித்து அங்கேயே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"மத்த பசங்க எல்லாம் மாறி மாறி நிக்கிறாங்க. நம்ம பய மட்டும் ஏன் சுவரோரமாவே நிக்கிறான்?"

"எங்க நின்னா என்னங்க? ஓடினா சரி."

கண்டக்டருக்கு அப்படி விட முடியவில்லை. எந்த ஸ்டாப்பில் யார் ஏறினார்கள் என்று மறக்காத ஆள் அவர். வெயிலுக்காக இருக்குமோ என்று அண்ணாந்து பார்த்தார். ஒரே மேகம். எழுந்து போய்த் தரையைச் செருப்பால் தேய்த்துப் பார்த்தார். மேடு பள்ளம் எதுவும் இல்லை.

திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார். "முதல் லைன்ல நிக்குதே அந்தப் பொண்ணு, யாரு தெரியுமா? தாளாளர் பேத்தி!"

"அது போன போட்டியில நாலாவது லைன்ல நின்னுச்சுங்க."

அதுவும் போச்சு.

விசில் அடித்தது.

"ஓடுடா! விடாதே! அவனை முந்துடா!"

பஸ்ஸின் பின்படியிலிருந்து டிரைவர் காதுக்குப் போய்ச் சேரும் குரல். பக்கத்து நாற்காலிக்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

பொடியன் நாலாவதாக வந்தான். வந்தவன் சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தான்.

கண்டக்டர் நேராக மிஸ்ஸிடம் போனார். அவள் பந்துகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மிஸ், மூணு போட்டியிலயும் என் பையனுக்கு ஏன் அதே ஓரம்?"

"அப்படி அமைஞ்சு போச்சு சார். என் தப்புதான், மன்னிச்சுக்குங்க."

"ஒரு தடவைன்னா அமையும். மூணு தடவையும் எப்படி அமையும்?"

"அடுத்த வருஷம் பாத்துக்கறேன் சார்."

"காரணம் தெரியாம நான் நகர மாட்டேன். நீங்க சொல்லலேன்னா பிரின்சிபால் ரூமுக்குத்தான் போகணும்."

நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். மிஸ் அவரைத் தனியாகத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"வேண்டாம் சார், விட்டுடுங்களேன். இதைச் சொல்ல எனக்கு மனசு வரல."

"பரவாயில்ல, சொல்லுங்க. அவனை ஓரம் கட்டச் சொன்னது யாரு?"

மிஸ் சாக்கைக் கீழே வைத்தாள்.

"அவனேதான் சார். 'அங்க நின்னா அப்பா சத்தம் மட்டும்தான் கேக்கும் மிஸ், நான் தோத்தா அப்பா மூஞ்சி தெரியாது'ன்னு காலையிலயே வந்து சொல்லிட்டான்."