முழங்கால் மெத்தை

கணவர் இறந்த பிறகு அவள் அந்தப் பழைய கல் தேவாலயத்துக்கு வந்தது, அவருடைய முழங்கால் மெத்தையை வீட்டுக்கு எடுத்துப் போகத்தான். வருடக்கணக்காக ஒரே இடத்தில் மண்டியிட்டதில் அதில் இரண்டு குழிகள் விழுந்திருந்தன. வலது முட்டியில் வலி என்று பாரத்தை இடது பக்கம் போடுவார். அந்தக் குழி சற்று ஆழம். அவர் உடம்பின் அச்சென்று மிஞ்சியது அது ஒன்றுதான்.

“அத்தான் அதுல ஜெபம் பண்ணத விட தூங்குனதுதான் அதிகம்,” என்றாள் கூட வந்த தங்கை.

“வாய மூடுடி.” இருவரும் சிரித்துவிட்டார்கள்.

கதவைத் திறந்துவிட்ட, ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை சிரிக்கவில்லை. “தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எல்லா மெத்தையையும் பிரிச்சு நேத்துதான் புதுப் பஞ்சு அடைச்சோம். நீங்க கேப்பீங்கன்னு தோணல.”

 அவள் கணவர் வழக்கமாக உட்காரும் பெஞ்சுக்கு நடந்தாள். மற்ற மெத்தைகள் உப்பிக் கிடந்தன. அவருடையதில் இரண்டு குழிகள் இருந்தன. இடது பக்கம் ஆழமாக.

“காலைல நான்தாம்மா எடுத்து வச்சேன்,” என்றார் கோயில்பிள்ளை. “அப்ப இப்படி இல்ல.”

தங்கை அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் உதறிவிட்டுக் குனிந்து மெத்தையைத் தூக்கப் பார்த்தாள். அது அசையவில்லை.

“எழுந்திரிங்க. வீட்டுக்குப் போகலாம்,” என்றாள் குழிகளைப் பார்த்து.

குழிகள் மெல்ல மேலெழுந்து நிரம்பின. பிறகு, சுவரோரமாக இருந்த அடுத்த மெத்தையில் அதே இரண்டு குழிகள் விழுந்தன, அவளுக்கு இடம் விட்டு.