எஃப்.சி.யில் ஒரு கிரீச்

வண்டிகளுக்குத் தகுதிச் சான்று, அதாவது எஃப்.சி., பார்க்கும் மைதானத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் செபமாலை குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மெஹருன்னிசாவின் டாக்ஸி முன்சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். ‘கிரீச்’ என்று சத்தம் வந்தது.

“சஸ்பென்ஷன் தேஞ்சுபோச்சும்மா. வண்டி ரோட்டுக்கு ஆகாது.”

“ஷாக் அப்சார்பரைப் போன வாரந்தான் சார் மாத்தினேன்! இதை நம்பித்தான் என் பொழப்பே ஓடுது.”

அதுவரை வாயைத் திறக்காத டாக்ஸி கனைத்தது. “சார், அந்தச் சத்தம் என்னோடது இல்ல. உங்க இடது முட்டியோடது. அதுக்கு எஃப்.சி. முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு.”

செபமாலை சுற்றுமுற்றும் பார்த்தார். எஃப்.சி. முடிந்த செயற்கை முட்டியோடு நடந்து பிடிபட்டால், அந்த இடத்திலேயே கழற்றிக்கொள்வார்கள்.

‘பாஸ்’ என்று எழுதி நீட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஏம்மா, என்னை அப்படியே வீட்டுல இறக்கி விட்டுடேன்.”

“மீட்டர் போட்டுத்தான் வருவேன் சார்,” என்றது டாக்ஸி.