மில்லோடு சேர்ந்து வந்தது

மரம் அறுக்கும் மில்லை விலைக்கு வாங்கிய புது முதலாளி, முதல் காரியமாக ரம்பத்துக்குச் சந்தனம் தெளித்துப் பூசை போட்டார். வாட்ச்மேன் பரமனும் வந்து ஒற்றைக் கையால் கும்பிட்டான். வலது கையை மணிக்கட்டோடு எடுத்ததும் அந்த ரம்பம்தான்.

“நாளையிலேர்ந்து நீ வேண்டாம்ப்பா.”

“சாகுறவரைக்கும் வாட்ச்மேன் வேலைன்னு பழைய மொதலாளி வாக்குக் குடுத்திருக்காருங்க.”

“அதை அவர்கிட்டப் போய்க் கேளு. நான் வாங்குனது மில்லைத்தான். அவரு வாக்கை இல்ல.”

“அப்ப போன கைக்கு நஷ்டஈடு கேட்டுக் கோர்ட்டுக்குப் போவேன்.”

முதலாளி சிரித்துவிட்டார். “போகமாட்டேன்னு மிச்சக் கையால பத்திரத்துல பெருவிரலை உருட்டி வச்சியேடா. அது மில்லோட சேர்ந்து எங்கிட்ட வந்திருச்சு.”

பரமன் நகரவில்லை. வீட்டில் உலை வைக்க வேண்டுமே.

“சரி, ரம்பத்துக்கிட்ட உன் பழைய எடத்துல ஆள் இல்ல. கட்டையைத் தள்ள ஒரு கை போதும்ல?”

ஸ்விட்சைப் போட்டார்கள். ரம்பத்தின் வாயில் வைத்திருந்த எலுமிச்சம்பழம் இரண்டாகத் தெறித்தது. பரமன் முதல் கட்டையை வயிற்றோடு அணைத்துக்கொண்டான். இடது உள்ளங்கை வேர்த்திருந்தது. அதை வேட்டியில் துடைத்துவிட்டுக் கட்டையின்மேல் வைத்தான்.