அரை இஞ்ச்

"அண்ணே, இந்த மூணு பேன்ட்டையும் இடுப்புல அரை இஞ்ச் பிரிச்சு விடணும். சாயங்காலத்துக்குள்ள வேணும். அவருக்குத் தெரியவே கூடாது."

டெய்லருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற அக்கா இப்படிப் பையும் கையுமாக வந்து நிற்பது இது மூன்றாவது மாதம்.

"ஏம்மா, கட்டின புருஷனை இப்படியா ஏமாத்துவீங்க? நேத்துகூட அந்த மனுஷன் வாசல்ல காரை நிறுத்தி, 'பாருங்க டெய்லரே, பேன்ட்டு எப்படித் தொளதொளன்னு நிக்குது! எல்லாம் எண்ணெய் பண்ற வேலை'ன்னு சிரிச்சுட்டுப் போறாரு. எனக்கு மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னே தெரியல."

அக்காவின் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். நாள் முழுக்க காரில் உட்கார்ந்தே தொப்பை வளர்த்தவர். கொழுப்பைக் கரைக்கும், உடம்பைச் சிக்கென்று வைக்கும் என்று யாரோ சொல்ல, ஒரு எண்ணெய் பாட்டிலை வாங்கி வந்துவிட்டார். காலையில் வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன், அப்புறம் ஒரு மணி நேரம் நடை. பாட்டில் மேல் அப்படித்தான் போட்டிருக்கிறதாம்.

"எண்ணெய்ல போட்டதெல்லாம் ஊதித்தான் பார்த்திருக்கேன். இளைச்சுப் பார்த்ததில்லையே!" என்றார் டெய்லர்.

"எனக்கு மட்டும் தெரியாதாண்ணே?" அக்கா குரலைத் தணித்தாள். "அவரு எதைத் தொடங்கினாலும் ஒரு வாரம்தான். ஜிம்முக்கு நாலு நாள் போனாரு. சைக்கிள் வாங்கினாரு, அதுல இப்ப ஈரத்துணி காயுது. இந்த ஒரு தடவைதான் மூணு மாசமா விடாம நடக்கறாரு. பேன்ட்டு லூசாகலைன்னா மனசு விட்டுடுவாரு."

"சரி, நடக்கட்டும். நல்லதுதானே."

"அதுவும் தனியாப் போக மாட்டாரு. நாய் துரத்துது, நீயும் வான்னு என்னையும் கிளப்பிடறாரு. விடிஞ்சும் விடியாம எனக்கு இதெல்லாம் தேவையா, சொல்லுங்க!"

டெய்லர் ஒரு பேன்ட்டை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இதான்மா கடைசி. தைக்கும்போது உள்ள மடிச்சு விட்டிருந்தது மொத்தமே ஒண்ணரை இஞ்ச் துணி. மூணு மாசத்துல தீர்ந்துபோச்சு. அடுத்த தடவை வந்தீங்கன்னா பிரிக்க ஒண்ணும் இருக்காது."

அக்காவின் முகம் வாடிவிட்டது. "அப்ப நடையை நிறுத்திடுவாரேண்ணே..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படியிறங்கினாள்.

மறுநாள் மத்தியானம் மாஸ்டரே வந்தார். ஒரு கையில் புதுத் துணி. இன்னொரு கை, நழுவுகிற பேன்ட்டைக் கெட்டியாகப் பிடித்திருந்தது.

"புதுசா ரெண்டு பேன்ட் தைக்கணும் டெய்லரே. அளவெடுங்க."

டெய்லர் டேப்பைச் சுற்றினார். முப்பத்தெட்டு. போன வருஷமும் முப்பத்தெட்டுதான். எழுதப் போனவருக்குக் கை ஓடவில்லை. மென்று முழுங்கிப் பார்த்தார், முடியவில்லை.

"சார், என்னை மன்னிச்சிடுங்க. நீங்க ஒரு சுத்துகூட இளைக்கல. அம்மா சொன்னாங்கன்னு நான்தான் மாசாமாசம் அரை இஞ்ச் பிரிச்சு விட்டேன்."

போட்டு உடைத்துவிட்டு, திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டார்.

மாஸ்டரோ தொப்பை குலுங்கச் சிரித்தார். "பேன்ட்டு மட்டும் லூசாகுது, சட்டை பட்டன் மட்டும் தெறிக்குது. இதுகூடவா எனக்குப் புரியாது? முதல் மாசமே தெரியும்."

"அப்ப அந்த எண்ணெய்?"

"ரெண்டாம் நாளே குமட்டிடுச்சு. வீட்ல இருக்கற கதவுக் கீலுக்கெல்லாம் விட்டுட்டேன். இப்ப ஒரு கதவும் கிறீச்சுங்கறதில்ல."

டெய்லருக்குத் தலை சுற்றியது. "பின்ன எதுக்கு சார் இந்த நாடகம்?"

மாஸ்டரின் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"அவளுக்குச் சர்க்கரை எக்கச்சக்கமா ஏறிப்போச்சு. தினமும் நடந்தே ஆகணும்னு டாக்டர் சொல்லி ரெண்டு வருஷமாச்சு. கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். தனக்குன்னா வாசப்படி தாண்ட மாட்டேங்கறா. எனக்குன்னதும் அலாரம் அடிக்கறதுக்கு முன்னாடியே செருப்பை மாட்டிட்டு நிக்கறா. போன வாரம் டெஸ்ட் எடுத்தோம், நல்லா இறங்கியிருக்கு. இப்ப நின்னுடக் கூடாது டெய்லரே."

டெய்லர் துணியை மேஜையில் விரித்து, சாக்பீஸைத் தேடி எடுத்தார்.

"அப்ப இடுப்பு முப்பத்தெட்டே வெச்சிடட்டுமா சார்?"

"வெச்சிடுங்க. பழைய பேன்ட்டை நேத்து திருப்பிப் பார்த்தேன், பிரிக்க உள்ள துணியே இல்ல. இதுல மட்டும் தாராளமா மூணு இஞ்ச் மடிச்சு விடுங்க. மாசம் அரை இஞ்சுன்னா, அவ இன்னும் ஆறு மாசம் நடந்துடுவா."