டொமினிக்கின் ரைட்

"ரைட்" என்றார் டொமினிக்.

மாப்பிள்ளை வீட்டார் முகத்தில் சிரிப்பு பரவியது. மகள் ஜூடித் மட்டும் சிரிக்கவில்லை.

டாடியிடம் இருப்பது அந்த ஒரு வார்த்தைதான். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தபோது பேச்சும் கூடவே போய்விட்டது. தமிழ் போச்சு, கன்னடம் போச்சு, கோபம் வந்தால் மட்டும் பேசுகிற இங்கிலீஷும் போச்சு. இப்போது பேரை மாற்றிவிட்டார்களே, பெங்களூரின் அந்த பி.டி.எஸ். டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து காலமெல்லாம் கத்திய 'ரைட்' மட்டும் போகமாட்டேன் என்று நாக்கிலேயே உட்கார்ந்துகொண்டது.

அதை வைத்துக்கொண்டு மனிதர் குடித்தனமே நடத்தினார்.

காபி சரியாக இருந்தால் சின்னதாக ஒரு ரைட். சர்க்கரை போட மறந்திருந்தால், மனைவி கேத்தரின் முகத்தைப் பார்த்து இழுத்து ஒரு ரைட்டு. கரண்ட் போனால் அலுப்போடு ஒன்று, வந்தால் குஷியாக ஒன்று. வீட்டுக்காரர் வந்து தண்ணீர் விஷயமாக நியாயம் பேசினால், பேசு ராஜா பேசு என்கிற மாதிரி ஒன்று.

பக்கத்து வீட்டில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் வந்து அழுதபோது, அவள் தலையில் இடது கையை வைத்து மிக மெதுவாக அதே வார்த்தையைத்தான் சொன்னார். அவர்கள் குடியிருக்கும் நீலசந்திரா ஏரியாவே திரண்டு வந்து சொன்ன ஆறுதலில் அவளுக்கு ஒட்டியது அது ஒன்றுதான்.

ஜூடித்துக்கு டாடியை நினைத்தால் பெருமை தாங்காது. வாய் நிறைய வார்த்தை வைத்திருப்பவர்கள் எல்லாம் உளறிக் கொட்டுகிறார்கள், இவர் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுகிறார் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஆனால் அது வீட்டுக் காதுக்குத்தான் புரியும். வெளியாளுக்கு ரைட் என்றால் ரைட்தான், சம்மதம்தான்.

மாப்பிள்ளை நீலை அவளுக்குப் பிடித்திருந்தது. அதுதான் சிக்கலே. காபி குடித்துக்கொண்டிருக்கும்போது அவனுடைய அம்மா மௌரீன் மெல்ல விஷயத்தை அவிழ்த்தாள். கல்யாணத்துக்கு அப்புறம் ஹெப்பகோடி ஃபேக்டரி வேலை வேண்டாம். ஷிஃப்ட், கம்பெனி பஸ், இருட்டின பிறகு வீடு திரும்புவது, இதெல்லாம் அவர்கள் குடும்பத்துக்கு ஒத்துவராது.

ஜூடித் அங்கே சூப்பர்வைசர் ஆகி ஒரு மாதம்தான் ஆகிறது. அந்த லைனில் முதல் பெண் சூப்பர்வைசர் அவள்தான். அதை விடுவதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

நீல் மின்விசிறியைப் பார்த்தான். அம்மா முன்னால் அவனுக்கு வாய் திறக்காது. கேத்தரின் முந்திக்கொண்டு தலையாட்டிவிட்டு, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று புருஷனைக் கேட்டாள்.

அதற்குத்தான் அவர் "ரைட்" என்றார். டிக்கெட் எடுக்காமல் நழுவப் பார்க்கிறவனிடம் சொல்கிற ரைட் அது. ஜூடித்துக்குத் தெரிந்தது. மற்றவர்கள் சிரித்தார்கள்.

நீலின் அப்பா சவரிமுத்துவுக்கு உற்சாகம் பிடிபடவில்லை. "அண்ணனே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன? வர்ற ஞாயித்துக்கிழமையே கோயில்ல முதல் ஓலை வாசிச்சிடலாம். மூணும் முடிஞ்சா, தவக்காலத்துக்கு முன்னாடியே..."

ஓலை என்று பூசையில் மாப்பிள்ளை பெண் பெயரை வாசித்துவிட்டால் கன்டோன்மென்ட் முழுக்கத் தெரிந்துவிடும். அதற்கப்புறம் பேச ஒன்றும் இருக்காது.

டாடி மறுபடி "ரைட்" என்றார், சத்தமாக. அவர்கள் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். கேத்தரின் லட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். டாடிக்கு நெற்றியில் வேர்த்தது. இத்தனை நாள் சோறு போட்ட வார்த்தை, இன்றைக்கு அவரைக் கைவிட்டுவிட்டது.

அவருடைய இடது கை நாற்காலியிலிருந்து எழும்பியது. பக்கத்தில் இருந்த இரும்பு பீரோவில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார்.

ஒரே ஒரு அடி.

சவரிமுத்துவின் பேச்சு பாதியில் நின்றது. அவருடைய வலது கால் தரையை அழுத்தி மிதித்திருந்தது. மிதித்தது அவருக்கே தெரியவில்லை. கையிலிருந்த காபி சட்டையெல்லாம் சிந்திவிட்டது.

ரிட்டையர் ஆகிறவரை சவரிமுத்து ஓட்டிய பஸ்ஸில் டொமினிக்தான் கண்டக்டர். விசில் ஊத முடியாத கூட்டத்தில் பஸ் தகரத்தில் அடிப்பார். ஒரு அடி என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போகலாம். ஒரு அடி விழுந்தால் டிரைவரின் கால் தானாகப் பிரேக்கை மிதித்துவிடும், ஏன் எதற்கு என்று திரும்பிக் கேட்டதே கிடையாது.

"என்னங்க ஆச்சு?" என்றாள் மௌரீன்.

"இரு. படியில யாரோ தொங்குறாங்க."

சொல்லிவிட்டு சவரிமுத்து ஜூடித்தைப் பார்த்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தார். "சொல்லும்மா" என்றார்.

ஜூடித் சொன்னாள். வேலையை விடமாட்டேன், நீலும் வேண்டும் என்று இரண்டையும் சொன்னாள்.

மௌரீன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சவரிமுத்து அதைக் காதில் வாங்கவில்லை. அவர் கண் டொமினிக்கின் கையிலேயே இருந்தது.

பீரோவில் இரண்டு அடி விழுந்தது.

அதற்கப்புறம்தான் சவரிமுத்து தரையிலிருந்து காலை எடுத்தார்.