ஆயிரமாவது புள்ளி

'மாற்று ஆட்டக்காரர் பெஞ்சை விட்டு எழவே இல்லை.' இந்த வரிக்குக் கீழேதானா என் கையெழுத்து வரவேண்டும்?

அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. கண்ணாடிக் கடையின் மேஜைமீது விரித்துக் கிடந்த அச்சுப்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிரே அணியின் பழைய மேலாளர். வாடிக்கையாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்பெனிக்கு ஐம்பது வயது ஆகிறதாம். மலர் போடுகிறார்களாம். அதில் அவர்கள் நடத்திய கூடைப்பந்து அணிக்கு நான்கு பக்கம்.

இரண்டு சீசன், நாற்பத்தாறு ஆட்டம். மழைக்கு முளைத்த காளானுக்கு நாலு பக்கமே அதிகம் என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடிய ஊரின் முதல் அணி என்றது முதல் பக்கம். தொடக்கத்தில் அரங்கம் நிரம்பி வழிந்ததைச் சொன்னது. கடைசி மாதங்களில் ஆட்டக்காரர்களுக்குப் பார்வையாளர்களின் பெயரெல்லாம் மனப்பாடம் ஆகியிருந்ததைச் சொல்லவில்லை.

மூன்றாம் பக்கம் முழுவதும் கேப்டன். அணியின் வரலாற்றிலேயே ஆயிரம் புள்ளி எடுத்த ஒரே ஆள். ஆயிரமாவது புள்ளியை எடுத்துவிட்டுக் களத்திலேயே விழுந்து இறந்தவர். தலைப்பு, 'வீர மரணம்'.

அந்தப் பக்கத்தை அவள் சீக்கிரம் திருப்பினாள்.

நான்காம் பக்கத்தில்தான் அந்த வரி. முடியவில்லை, மாற்றுங்கள் என்று கேப்டன் கைகாட்டினார். கோச் மாற்று ஆட்டக்காரரைப் போகச் சொன்னார். அவர் எழவில்லை. எழுந்திருந்தால் கேப்டன் பிழைத்திருப்பார். ஒரே வாரத்தில் கம்பெனி அணியைக் கலைத்தது.

அந்த மாற்று ஆட்டக்காரனுக்கு 'பெஞ்சு' என்று பெயர். அவனே வைத்துக்கொண்டது. "என்னை விட்டா அந்தப் பெஞ்சைத் தேய்க்க வேற ஆளு கிடையாதுக்கா" என்பான். அந்த நாளுக்குப் பிறகும் ஊர் அதே பெயரால்தான் கூப்பிட்டது. சிரிப்பு மட்டும் இல்லை.

எந்தப் பள்ளிக்கூடமும் அவனைப் பயிற்சியாளராக எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறான்.

"அன்னைக்கு ஸ்கோர் எழுதினது நீதானே? கோச்சும் போய்ச் சேந்துட்டாரு. மேஜையில உக்காந்து நேர்ல பாத்தவ நீ ஒருத்திதான் பாக்கி. ஒரு கையெழுத்துப் போட்டுட்டீன்னா ஆதாரமாயிடும்மா."

"இந்தப் புத்தகம் யாருக்கெல்லாம் போகுது சார்?"

"ஊர்ல இருக்கிற எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும். இலவசமா!"

"எழவே இல்லைன்னு போட்டிருக்கீங்களே, அவருக்கு ஒரு பொண்ணு இருக்கு. ஏழாவது படிக்குது."

மேலாளர் உச்சுக்கொட்டினார். "அதுக்கு நாம என்னம்மா பண்றது? நாமளா கதை கட்டினோம்? ஷூ லேஸ் கட்டிக்கிட்டிருந்தேன், கோச் கூப்பிட்டது காதுல விழலைன்னு விசாரணையில அவனே ஒத்துக்கிட்டானே."

ஒத்துக்கொண்டான். அவளும் அங்கேதான் இருந்தாள். ஏழு மாத வயிற்றின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, அடுத்துப் பேச வேண்டியவளாக உட்கார்ந்திருந்தாள். அவன் அவள் வயிற்றை ஒருமுறை பார்த்தான். பிறகுதான் லேஸ் கதையைச் சொன்னான்.

ஏன் அப்படிச் சொன்னான் என்று இருபது வருடத்தில் ஒருமுறைகூட அவள் அவனிடம் கேட்டதில்லை. தெருவில் தண்ணீர் வண்டி வந்தால் உள்ளே போய்விடுவாள்.

மாற்று ஆட்டக்காரர் தானாகக் களத்துக்குள் போய்விட முடியாது. ஸ்கோர் மேஜைக்கு வந்து சொல்ல வேண்டும். மேஜை ஓரத்து நாற்காலியில் காத்திருக்க வேண்டும். பந்து நின்றதும் ஸ்கோர் எழுதுபவர் பஸ்ஸரை அழுத்துவார். அந்தச் சத்தம் கேட்காமல் யாரும் உள்ளே போக முடியாது. கோச்சே தலைகீழாக நின்றாலும் நடக்காது.

அவன் வந்தான். நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அக்கா, மாத்துங்க. அண்ணனுக்கு முடியலை."

பந்து கோட்டைத் தாண்டி வெளியே போய் நின்றது. அரங்கத்தில் நாற்பது பேர்கூட இல்லை. இருந்தவர்களும், கோச்சும், பெஞ்சில் மிச்சமிருந்தவர்களும் பந்தைத்தான் பார்த்தார்கள். பக்கத்தில் டைம் கீப்பர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவள் கட்டைவிரல் பஸ்ஸர்மேல் இருந்தது.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு. அந்தக் கணக்கைக் கேப்டன்கூட வைத்திருக்கவில்லை. அவள் மட்டுமே முதல் ஆட்டத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தாள். அழியப்போகிற அணி என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்ட பிறகு, மிஞ்சுவதற்கு ஓர் எண்ணாவது இருக்கட்டும் என்று.

இன்னும் ஒரே ஒரு கூடை. ஒரு நிமிடம்கூட ஆகாது.

"அக்கா…"

அவள் அழுத்தவில்லை. நடுவர் பந்தைக் கொடுத்தார். ஆட்டம் தொடர்ந்தது.

பந்து கூடைக்குள் விழுந்தது. இரண்டு புள்ளிக்கும் கோடு போட அவள் தாளின்மேல் குனிந்தாள். அதனால் அவர் விழுந்ததைப் பார்க்கவில்லை. மரத்தரையில் தலை மோதிய சத்தம் மட்டும் கேட்டது.

மேலாளர் பேனாவைத் திறந்து அவள் விரல்களுக்கிடையில் வைத்தார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? போட்டுடும்மா. உன்மேல ஒண்ணும் வராது."

அவள் பேனாவை மூடினாள். அச்சுப்படியின்மேல் வைத்து, இரண்டையும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அதனாலதான் சார் போடமாட்டேன்."