உருண்டையாக இல்லாத தூசி

தொலைதூர விண்மீன் மண்டலம் ஒன்றிலிருந்து கிளம்பிய ஓர் ஒளிக்கதிர், அங்கேயே வழியில் அரிசிமணி போல நீண்ட ஒரு தூசியில் மோதியது. அதுவரை எல்லாப் பக்கமும் அதிர்ந்த கதிர், அதற்குப் பிறகு ஒரே சாய்வில்தான் அதிர்ந்தது.

"நான் இங்கே இருப்பது யாருக்கும் தெரியாது. நீயாவது போய்ச் சொல்," என்றது தூசி.

சொல்வதாக வாக்குக் கொடுத்த கதிர், கோடிக்கணக்கான ஆண்டுகள் பயணம் செய்து ஒரு தொலைநோக்கிக்குள் விழுந்தது. அதோடு இணைந்திருந்த கணினி அதே மண்டலத்தைத் தனக்குள் உருவாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. கணக்குப் போடச் சுலபம் என்பதால் தூசி முழுவதையும் உருண்டையாக வைத்திருந்தது.

"இந்தச் சாய்வில் நீங்கள் அதிர வாய்ப்பில்லை. அங்கே தூசியெல்லாம் உருண்டை," என்றது கணினி.

"நீண்ட தூசி ஒன்றில் மோதிவிட்டுத்தான் வருகிறேன். நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களா?"

"எதற்கு? நாற்பது முறை இங்கேயே செய்து பார்த்துவிட்டேன்."

"நான் அங்கேயே பிறந்தவன்."

"அதுதான் உங்கள் சிக்கல். உங்களுக்கு ஒரு மண்டலம்தான் தெரியும். எனக்கு நாற்பது தெரியும்."

கதிருக்குத் தூசியின் முகம் நினைவுக்கு வந்தது. மறுபடி வாய் திறப்பதற்குள் கணினி அதைப் 'பிழைகள்' என்ற கோப்பில் தள்ளியது. அங்கே ஏற்கெனவே பன்னிரண்டாயிரம் கதிர்கள் அதே சாய்வில் அதிர்ந்துகொண்டிருந்தன.

அந்தக் கோப்புக்கு வெளியே மூன்று கதிர்கள் மிஞ்சின. மூன்றும் கணினியின் கணக்கோடு அச்சு அசலாகப் பொருந்தின. ஆய்வு முழு வெற்றி என்று அது அன்றே அறிக்கை எழுதியது.